கம்பியற்ற வலையமைப்பும் கண்டுபிடிப்பாளர் கதைகளும்

கம்பியற்ற கணனி வலையமைப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வினாவுக்கு மூன்று விடைகள் உலவி வருகின்றன. ஹொலிவூட் நடிகை ஹெடி லமார் என்பர் சிலர். அவுஸ்திரேலிய விஞ்ஞானி ஜோன் ஓசலிவன் என்பர் வேறு சிலர். 1999ஆம் ஆண்டில் மடிக்கணனியோடு அதனைக் கடைக்குக் கொணர்ந்த அப்பிள் நிறுவனமே அதனை உலகுக்கு ஈந்தது என்பாரும் உளர். இவ்விடைகள் தம்முள் முரண்படினும் ஒரு விடயத்தில் உடன்பட்டு நிற்கின்றன. தனியொரு மேதையோ தனியொரு நிறுவனமோ இன்றேல் இது பிறந்திராது என்பதே அவ்வுடன்பாடு. அதனையே இக்கட்டுரை மறுக்கின்றது. பொதுப்பணத்தில் நடந்த ஒரு பல்கலைக்கழகமும், அலைவெளியின் ஒரு துண்டினை எவர்க்கும் சொந்தமாக்காது திறந்துவிட்ட ஓர் அரச ஆணைக்குழுவும் இக்கதையின் நடுவில் இருத்தப்படவேண்டியவை. இது வெறும் வரலாற்றுச் சச்சரவு அன்று. கதையை எவ்வாறு சொல்கிறோமோ அவ்வாறே அலைவெளியைப் பங்கிடவும் துணிகிறோம்.

முதலில் ஹவாய்க்குச் செல்வோம். 1968இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் அலோஹா என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பல்கலைக்கழகத்தின் பெருங்கணனி ஓஆகுத் தீவின் மனோவா வளாகத்தில் இருந்தது. அதனைப் பயன்படுத்த வேண்டியிருந்த கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் பல தீவுகளிற் சிதறிக் கிடந்தன. கடலாற் பிரிந்த இடங்களைத் தொலைபேசிக் கம்பிகொண்டு இணைப்பது செலவு மிக்கது. இணைப்பின் தரமோ நம்பத்தக்கதன்று. எனவே வானொலியை நாடினர். 1971 ஜூன் மாதத்தில் அவ்வலையமைப்பு இயங்கத் தொடங்கிற்று. 407.350 மெகாஹேர்ட்சிலும் 413.475 மெகாஹேர்ட்சிலும் இரண்டு வழிகள். வேகம் செக்கனுக்கு 9,600 பிற். ஒரு செய்திப் பொதியில் அதிகபட்சம் எண்பது எழுத்துக்கள். நடுநிலையத்திற் பொதிகளை வாங்கியும் வழங்கியும் நின்ற சிறுகணனிக்கு ‘மெனெஹூனே’ என்று பெயரிட்டனர். ஹவாய் மக்களின் பழங்கதைகளில் வரும் குள்ளமனிதரின் பெயர் அது.

இக்கருவிகளிலும் அரியது இவற்றின் பின்னால் நின்ற எண்ணம். தொலைபேசிப் பொறியியலாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வழியையோ ஒரு நேரத்துண்டையோ ஒதுக்கிக் கொடுத்துப் பழகியவர்கள். ஆனால் கணனி முனையத்தின் முன் இருப்பவர் ஒரு வரியைத் தட்டிவிட்டு நெடுநேரம் சிந்திக்கிறார். அவருக்கென ஒதுக்கிய வழி அந்நேரமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். ஏப்ரம்சன் ஒதுக்கீட்டையே கைவிட்டார். செய்தி உள்ளவர் உடனே அனுப்புக. பெற்றதற்கான மறுமொழி வராவிடின், இன்னொருவரின் பொதியோடு மோதிச் சிதைந்தது எனக் கொண்டு, குறிப்பின்றித் தெரிந்த ஒரு சிறு இடைவேளையின் பின் மீண்டும் அனுப்புக. விதி அவ்வளவுதான்.

இவ்வாறு செய்யின் வழியின் கொள்ளளவில் 18.4 வீதத்துக்கு மேற் பயன்பெற இயலாது எனக் கணிதம் காட்டியது. 1972இல் லோறன்ஸ் றொபேட்ஸ் நேரத்தைச் சம துண்டுகளாக வகுத்து அதனை இருமடங்காக்கினார், அதுவும் 36.8 வீதமே. தொலைபேசிக் கண்கொண்டு நோக்குபவர்க்கு இவை வெட்கத்துக்குரிய எண்கள். ஆயினும் ஒரு நாளின் பெரும்பகுதி உறங்கும் வழியைப் பூட்டி வைத்திருப்பது அதனினும் பெரிய விரயம் அன்றோ? பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைப்பது தோட்டத்துக்குப் பொருந்தும். குடிக்க ஒரு குடம் அள்ள வருபவர்க்கு முறை குறித்துக் கொடுப்பார் எவருமிலர்.

இவ்வெண்ணத்தின் வழித்தோன்றல்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. றொபேட் மெற்காவ் ஏப்ரம்சனின் கட்டுரையைப் படித்து, அதன் கணிதத்தைத் திருத்தி, 1973இல் செறொக்ஸ் ஆய்வுகூடத்தில் ஈதர்நெற் என்னும் கம்பிவழி வலையமைப்புக்கு அடியிட்டார். இன்று வைஃபை எனப்படும் முறையும், அலைவெளி ஓய்ந்திருக்கிறதா எனச் செவிமடுத்தபின் அனுப்புதல், மறுமொழி கிடையாவிடின் குறிப்பின்றித் தெரிந்த இடைவேளையின்பின் மீள அனுப்புதல் என்னும் ஒழுங்கிலேயே நடக்கின்றது. அதன் பாட்டனாரை நடிகையரிடத்தும் கடைகளிலும் தேடுவானேன்?

ஹெடி லமாரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அவரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தீலும் 1942 ஓகஸ்றிற் பெற்ற ஆக்கவுரிமை, நீர்மூழ்கிக் குண்டினை வழிநடத்தும் வானொலிச் சைகை 88 மீடிறன்களிடையே தாவித் தாவிச் செல்லுமாறு அமைத்த கூரிய கருத்து. ஆனால் அமெரிக்கக் கடற்படை அக்காலத்தில் அதனைப் பயன்படுத்தவில்லை. மீடிறன் தாவும் எண்ணமும் அவருக்கு முன்னரே தோன்றியது. 1997இன் முதல் வைஃபை நியமத்தில் மீடிறன் தாவல் ஒரு தெரிவாக இடம்பெற்றது உண்மை. ஆயின் 1999இல் உலகெங்கும் பரவிய செக்கனுக்கு 11 மெகாபிற் முறை அதனைக் கையாளவில்லை. நடிகை என்பதற்காக அவர் அறிவை அன்றைய உலகம் மதியாதது அநீதி. அவர் செய்யாததை அவர்மேல் ஏற்றிப் புகழ்வது அவ்வநீதிக்குப் பரிகாரமாகாது.

இனி 1985க்கு வருவோம். அதற்கு முன்னர், ஐக்கிய அமெரிக்காவில் வானொலிச் சைகையைப் பரந்த மீடிறன் வீச்சிற் சிதறவிட்டு அனுப்பும் முறை பெரும்பாலும் இராணுவத்தின் கைக்குள் இருந்தது. அந்நாட்டின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவிற் பணியாற்றிய மைக்கல் மார்க்கஸ் என்னும் பொறியியலாளர் இம்முறையைப் பொதுமக்களும் அநுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்த விடலாமா என்ற கேள்வியை எழுப்பினார். 1981இல் ஆணைக்குழு விசாரணையைத் தொடங்கியது. ஏற்கெனவே அலைவெளியில் இடம்பிடித்திருந்தோர் எதிர்த்தனர். குறுக்கீடு பெருகும், ஒழுங்கு குலையும் என்றனர். 1985 மே மாதத்தில் ஆணைக்குழு 902 முதல் 928 மெகாஹேர்ட்ஸ் வரையும், 2,400 முதல் 2,483.5 வரையும், 5,725 முதல் 5,850 வரையும் மூன்று துண்டுகளைத் திறந்தது. ஒரு வாற்று வலுவுக்கு மேற்படாது எவரும் பயன்படுத்தலாம். பிறர் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக் கோர உரிமையில்லை.

இவை குப்பை அலைவரிசைகள் எனப்பட்டவை. 2,450 மெகாஹேர்ட்சிலே நுண்ணலை அடுப்புகள் இறைச்சியைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. விலைகொடுத்து வாங்க எவரும் விரும்பாத அவ்விடத்திலேதான் வைஃபை முளைத்தது. 1959இலேயே றொனால்ட் கோஸ் என்னும் பொருளியலறிஞர் அலைவெளியை நிலம்போல் உடைமையாக்கி விற்க வேண்டும் என வாதித்திருந்தார். அவர் வாதம் வலுவானது. 1994இல் தொடங்கிய அமெரிக்க அலைவரிசை ஏலங்கள் அதன் கனிகளே. ஆயினும் அவர் சொற்படி அனைத்தும் 1985க்கு முன்னரே விற்கப்பட்டிருப்பின், அறைக்குள் அடங்கும் ஒரு சிறு வலையமைப்புக்காக எவர் ஏலம் கேட்டிருப்பர்? அதன் பயன் அப்போது எவர்க்கும் தெரியாது. தெரியாத பயனுக்கு விலை கூறும் சந்தை இல்லை.

நிறுவனங்களின் பங்கை மறைத்தல் நேர்மையாகாது. கதவு திறந்தபின் முதலில் நுழைந்தவற்றுள் ஒன்று காசுப்பதிவுப் பொறிகள் செய்த என்சிஆர் நிறுவனம். கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் கம்பியையும் பிடுங்கி நடவேண்டிய தொல்லை அதற்கிருந்தது. அதன் நெதர்லாந்துப் பொறியியலாளர் வேவ்லான் என்னும் கருவியை ஆக்கினர். அவர்களுள் ஒருவரான விக் ஹேய்ஸ் 1990 முதல் பத்தாண்டுகள் நியமக் குழுவுக்குத் தலைமை வகித்து, போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் இருத்தி, 1997இல் முதல் நியமத்தை வெளிக்கொணர்ந்தார். பொறுமையே அவர் செய்த பெரும்பணி எனலாம். அப்பிள் 1999இல் விற்றது, வேவ்லான் பிரிவு கைமாறிச் சென்ற லூசன்ற் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தையே. ஓசலிவனின் குழு சுவர்களிற் பட்டுத் திரும்பும் எதிரொலிகளை வெல்ல வகுத்த வழியோ உண்மையிற் சிறந்தது. அதுவும் ஓர் அரச ஆராய்ச்சி நிறுவனத்தின் கனி. நீதிமன்றப் போராட்டங்களால் அந்நிறுவனம் 40 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு மேற் பெற்றது. ஆனால் அதன் ஆக்கவுரிமை விண்ணப்பம் 1992இல் எழுந்தது. நியமக் குழு கூடி இரண்டாண்டுகள் ஆகிவிட்டன.

கையோடு கொண்டுசெல்லும் கணனியின் கதையும் இதனையொத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன் 1987 முதல் கோடா என்னும் கோப்பு முறையை வளர்த்தார். இணைப்பு அறுந்துபோகும் என்று முன்கூட்டியே கொண்டு, வேண்டிய கோப்புகளைக் கணனியிற் சேமித்து வைத்து, தனித்திருந்து பணிசெய்து, இணைந்தபின் மாற்றங்களை ஒப்புவிப்பது அதன் நெறி. அலோஹா மோதலை எதிர்பார்த்தது. கோடா பிரிவை எதிர்பார்த்தது. 1993இல் அதே பல்கலைக்கழகம் வளாகத்தைக் கம்பியற்ற வலையால் மூடும் முயற்சியிலும் இறங்கிற்று.

இரண்டு மறுப்புகள் எழக்கூடும். பொதுப்பணம் என்றீர், அது படைப்பணம் அன்றோ என்பது ஒன்று. ஆம். அலோஹாவுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகாமை பணம் தந்தது. இதனை மூடி மறைத்துப் பல்கலைக்கழகத்தின் தூய்மை பாடுவோரை நாமும் நம்புவதற்கில்லை. ஆனால் பணம் தந்தவர் பெயரால் விளைவு பூட்டப்படவில்லை. கட்டுரைகள் வெளியாயின, எவரும் படித்தனர். மற்றது, பொதுவிற் கிடப்பது நெரிசலால் அழியும் என்பது. மாணவர் விடுதியில் இரவு பத்து மணிக்கு இணைப்பு இழுபடுவதை அறியாதார் யார்? ஆனால் வலு குறைவாயிருத்தலின் ஒருவர் குரல் சில சுவர்களுக்கப்பால் ஓய்ந்துவிடுகின்றது. நெரிசலுக்குப் பரிகாரம் இன்னுமொரு துண்டைத் திறப்பது; உள்ளதை ஒருவர்க்கு எழுதிக் கொடுப்பதன்று.

அந்தத் துண்டைப் பற்றியே இப்போது வழக்கு. 2020 ஏப்ரலில் அமெரிக்க ஆணைக்குழு 5,925 முதல் 7,125 மெகாஹேர்ட்ஸ் வரை 1,200 மெகாஹேர்ட்சை அநுமதிப்பத்திரமற்ற பயன்பாட்டுக்குத் திறந்தது. 2023 இறுதியில் துபாயிற் கூடிய உலக வானொலித் தொடர்பாடல் மாநாடு, அதன் மேற்பகுதியை ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் அடங்கிய வலயத்திற் கையடக்கத் தொலைபேசிச் சேவைகளுக்கென அடையாளப்படுத்திற்று. விலைகொடாது பெறப்படும் அலைவரிசை விரயமாகின்றது என்பதே அச்சேவையாளர் தரப்பின் வாதம். தத்தம் வாடிக்கையாளர் வீட்டினுள் நுழைந்ததும் அவர்தம் தரவின் சுமையை இறக்கிவைப்பதற்கு அவ்வாதத்தினரே நாடுவது, நுண்ணலை அடுப்புகளின் அருகே எவரும் வாங்காது கிடந்த அந்த 83.5 மெகாஹேர்ட்சைத்தான்.