சீட் பைப்புக்கு கிரீஸ் போடாத மகராசன்களே!

கோபத்துல எழுதினா கெட்ட வார்த்தை வந்துடும்னு இந்தப் பதிவை ஒரு மாசம் ஆறப்போட்டேன். ஆறலை. அதனால எழுதிடறேன்.

2015-ல ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஸ்டீல் ஃபிரேம், அலுமினிய சீட் பைப். வீடு திருவான்மியூர், கடல் ஒரு கிலோமீட்டர்கூட கிடையாது. வாங்கின அன்னிக்கு என் உயரத்துக்கு சீட்டை வச்சதோட சரி, அப்புறம் அதைத் தொட்டதே இல்லை. போன வருஷம் பையன் என்னைவிட நாலு இஞ்ச் உசந்து நின்னான். "முட்டி வலிக்குதுப்பா, சீட்டைக் கொஞ்சம் ஏத்திக் குடு"ன்னான். கிளாம்ப்பைக் கழட்டினேன். இழுத்தேன். முறுக்கினேன். பையன் ஃபிரேமைப் பிடிச்சுக்க, நான் சீட்டைக் கட்டிப்பிடிச்சுத் திருகினதுல சீட்டுதான் பிஞ்சுது. பைப் ஃபிரேமோட ஃபிரேமா வெல்டிங் வச்ச மாதிரி நிக்குது.

வாங்கின கடைக்கே போனேன். "ஏண்ணே, மாட்டும்போது உள்ள கிரீஸ் தடவலையா?"ன்னு கேட்டா, ஒரு சிரிப்பு. "கிரீஸ் போட்டா சீட் இறங்கிடும் சார், யாரும் போட மாட்டாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவே.

அண்ணே, சீட்டைப் பிடிச்சு நிறுத்தறது கிளாம்ப். பைப் சரியான சைஸா இருந்து, கிளாம்ப் ஒழுங்கா இறுகினா, கிரீஸ் போட்டாலும் சீட் நிக்கும். கிரீஸ் போட்டு சீட் இறங்குதுன்னா பைப் சைஸ் தப்பு, இல்லைன்னா கிளாம்ப் சொத்தை. துருவை நம்பி சீட்டை நிறுத்தறது என்ன தொழில்?

அடுத்து, "அலுமினியம் துருப்பிடிக்காது சார்"னு ஒரு கோஷ்டி. செவப்பா துரு வராது, சரி. ஆனா ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்புத்தண்ணி. பத்தாம் கிளாஸ்ல படிச்ச பேட்டரி ஞாபகம் இருக்கா? 1800-ல வோல்டா அடுக்கி வச்சாரே, அதே சமாச்சாரம்தான். கடற்காத்து, மழை, நம்ம வியர்வை எல்லாம் சீட் பைப் இடுக்குல இறங்குது. இந்த ஜோடியில அலுமினியம்தான் கரைஞ்சு வெள்ளைப் பொடியாகுது. அந்தப் பொடி, கரைஞ்சுபோன உலோகத்தைவிட அதிக இடம் கேக்கும். ஃபிரேமுக்குள்ள ஏது இடம்? ஆப்பு அடிச்ச மாதிரி நெருக்கிக்கிட்டு உக்காந்துடும்.

இது சைக்கிளுக்கு மட்டும் வர்ற சீக்கு இல்லை. நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்கே வந்துது. வெளிய செம்புத் தகடு, உள்ள இரும்புச் சட்டம். நடுவுல வச்ச தடுப்பு வீணாப்போக, இரும்பு துருவாகி ஊதிடுச்சு. 1980-கள்ல அந்தப் பட்டைகளை எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டு, நடுவுல டெஃப்லான் வச்சாங்க. சிலைக்கு டெஃப்லான், நமக்கு ஒரு விரல் கிரீஸ். அதுகூட முடியாதாம்!

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்க வேண்டாம். அவர் தொழில் கத்துக்கிட்டது பழைய கறுப்பு சைக்கிள்ல. அதுல சீட் பைப்பும் ஸ்டீல், ஃபிரேமும் ஸ்டீல். சிக்கினா மண்ணெண்ணெய் ஊத்தி, ராத்திரி ஊறப்போட்டு, சுத்தியால நாலு தட்டு தட்டினா பெரும்பாலும் வந்துடும். வருஷா வருஷம் ஓவராயில் வேற பண்ணுவாங்க, எல்லாத்தையும் பிரிச்சு மாட்டுவாங்க. கியர் சைக்கிள் வந்ததும் விலை மாறிச்சு, உலோகம் மாறிச்சு, கைப்பழக்கம் மட்டும் மாறலை.

ஆனா அவர் அடுத்து செஞ்சதை மன்னிக்க மாட்டேன். கேஸ் டார்ச்சை எடுத்துக் காட்டினார். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் ஸ்டீலைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். உள்ள இருக்கறது அலுமினியம். ரெண்டும் சூடானா இன்னும் இறுகத்தானே செய்யும்? குளிர வைக்கணும் சாமி, ஐஸ் வைக்கணும்! பெயின்ட் கருகி கொப்புளிச்சதுதான் மிச்சம். அப்புறம் பைப் ரென்ச் போட்டு நசுக்கி, "ஃபிரேம் வேஸ்ட் சார், காயலான் கடைக்குப் போட்டுடுங்க, புதுசு பாருங்க"ன்னார். இப்பப் புரியுதா எனக்கு ஏன் ஆறலைன்னு?

நான் போடலை. பைப்பை ஃபிரேமுக்கு ஒரு இஞ்ச் மேல அறுத்தேன். ஆக்சா பிளேடை ஒரு முனையில துணி சுத்திப் பிடிச்சு, பைப்புக்குள்ள விட்டு, உள்பக்கமா நீளவாக்குல அறுத்தேன். ஃபிரேம்ல படாம, அலுமினியத்தை மட்டும். மூணு ஞாயித்துக்கிழமை, கை முழுக்கக் கொப்புளம். அப்படியே ரெண்டு கோடு அறுத்து, உள்பக்கமா மடக்கி இழுத்ததும் சுண்ணாம்பு மாதிரி பொடி கொட்டி வெளிய வந்துது. சிலர் காஸ்டிக் சோடா ஊத்திக் கரைப்பாங்க. கண்ணு போயிடும், ஹைட்ரஜன் வேற கிளம்பும். வீட்டுல முயற்சி பண்ணாதீங்க.

மக்களே, சைக்கிள் பத்தி பதிவு போடும்போது இருபத்தொரு கியர், டிஸ்க் பிரேக்னு பக்கம் பக்கமா எழுதறோம் (நானும்தான்). டெலிவரி எடுக்கும்போது சீட் பைப்பை வெளிய இழுத்துக் காட்டச் சொல்லுங்கன்னு ஒருத்தராவது எழுதினோமா? காய்ஞ்சு இருந்தா அங்கயே கிரீஸ் தடவச் சொல்லுங்க. ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் கிடைச்சா இன்னும் நல்லது. பெடல் மரையிலயும் தடவணும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கழட்டும்போது மறந்துடாதீங்க. அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவை பைப்பை உருவித் துடைச்சு திரும்பத் தடவுங்க, கடலோரமா இருந்தா இன்னும் அடிக்கடி. ஐந்து நிமிஷ வேலை. டபிள்யூடி-40 அடிச்சா போதும்னு யாராவது வந்தா, அந்த 'டபிள்யூடி' தண்ணியை விரட்டறதுக்கான பேருன்னு சொல்லி அனுப்புங்க. அது கிரீஸ் மாதிரி வருஷக்கணக்கா அங்கயே நிக்காது. கார்பன் ஃபிரேம், கார்பன் பைப் வச்சிருக்கற பணக்காரங்களுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், அதுக்குன்னு தனி பேஸ்ட் இருக்கு.

பி.கு: புது பைப் போட்டு, கிரீஸ் தடவி, பையன் உயரத்துக்கு ஏத்தியாச்சு. இதுவரைக்கும் ஒரு மில்லிமீட்டர் இறங்கலை. பெயின்ட் கருகின இடத்துல அவன் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கான் :-)