யாருக்குப் படிப்பு ஏறவில்லை?

கனடாவின் பழங்குடி மாணவர்களைப் பற்றிப் பலருடைய வாயில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. நர்ஸிங் கல்லூரியில் இடம் கொடுத்தாலும் தங்க மாட்டார்கள், பாதியிலேயே ஊர் திரும்பிவிடுவார்கள், படிப்பு ஏறாது. இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அக்கறையாகச் சொல்லப்படுவதால்தான் இந்தப் பொய்க்கு ஆயுள் கெட்டி.

ஈடித் மாண்ட்யூர் 1890-இல் ஒண்டாரியோவின் சிக்ஸ் நேஷன்ஸ் குடியிருப்பில் பிறந்தவர், மோஹாக் இனத்தவர். நர்ஸாக ஆசைப்பட்ட அவருக்குச் சொந்த மாகாணத்தில் இடம் கிடைக்கவில்லை. எல்லை தாண்டி, நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷலில் படித்தார். 1914-இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ நர்ஸாகப் பிரான்ஸுக்குப் போனார். போர் முடிந்ததும் சொந்த மக்களிடமே திரும்பி, 1955 வரை அங்கே நர்ஸாகவும் பிரசவம் பார்ப்பவராகவும் இருந்தார். இவருக்குத்தான் ஒண்டாரியோவில் இடமில்லை!

இன்று இடம் இருக்கிறதே, ஏன் பாதியில் போகிறார்கள் என்று கேட்கலாம். சாஸ்கச்சவன் மாகாணத்தின் வடக்கே இருக்கும் லா ரோஞ்சிலிருந்து சாஸ்கட்டூன் சுமார் 380 கிலோமீட்டர். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாய், வேலையையும் உறவையும் விட்டுவிட்டு, நகரத்து வாடகை கொடுத்து அங்கே ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். இதில் தோற்பது மூளையா, பணமா?

சாஸ்கச்சவன் பல்கலைக்கழகம் 2012-இல் படிப்பையே வடக்கே கொண்டுபோனது. லா ரோஞ்சிலும் ஈல்-ஆ-லா-குரோஸிலும் மாணவர்கள் சொந்த ஊரில் இருந்தபடியே நர்ஸிங் பட்டம் படிக்கலாம். விரிவுரை காணொலியில் வரும். செய்முறை வகுப்புக்கு, சாஸ்கட்டூனில் இருக்கும் ஆசிரியர் தூரத்திலிருந்தே ஒரு ரோபோவை நகர்த்தி, மாணவியின் கை எப்படி வேலை செய்கிறது என்று அதன் கேமரா வழியே பார்ப்பார். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகமோ 1990-இலேயே பழங்குடி நர்ஸிங் மாணவர்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கிவிட்டது. சேர்ப்பதோடு விடாமல், பட்டம் வாங்கும்வரை கூடவே நிற்கும் திட்டம் அது.

"தரம் போய்விடும்" என்பது கடைசி அஸ்திரம். தமிழ்நாட்டில் இட ஒதுக்கீட்டு விவாதம் கேட்டவர்களுக்குக் காது புளித்த வாதம். நர்ஸாகப் பதிவு பெற எல்லோரும் எழுதுவது ஒரே தேர்வுதான். பழங்குடியினருக்கென்று தனி வினாத்தாள் கிடையாது.

தரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் 2020 செப்டம்பர் 28-ஐயும் பேச வேண்டும். கியூபெக்கின் ஜோலியெட் மருத்துவமனையில் அட்டிகாமெக் இனத்தவரான ஜாய்ஸ் எஷக்குவான் வலியில் கிடந்தார். ஏழு குழந்தைகளின் தாய். ஊழியர்கள் அவரை ஏசியது அவருடைய ஃபேஸ்புக் நேரலையில் பதிவானது. அன்றே அவர் இறந்தார். இனவெறிக்கும் தப்பெண்ணத்துக்கும் அந்த மரணத்தில் பங்கு உண்டு என்று 2021-இல் மரண விசாரணை அதிகாரி எழுதினார். அந்த ஊழியர்களுக்கெல்லாம் படிப்பு நன்றாகத்தான் ஏறியிருந்தது. அப்படிப்பட்ட பேச்சு புழங்கும் வார்டில் பயிற்சிக்கு நிற்கும் பழங்குடி மாணவி ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அதை "இடைநிற்றல்" என்று அவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் விடுத்த 94 செயல் அழைப்புகளில் 23-ஆவது, பழங்குடி மருத்துவப் பணியாளர்களைப் பெருக்கவும் அவர்களைத் தக்கவைக்கவும் சொல்கிறது. பழங்குடிச் சேர்க்கை இத்தனை என்று பெருமையாக அச்சடிக்கும் கல்லூரிகள், அவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் அச்சடிக்கட்டும்.