கொசுறு கொடுக்காத கடை

"அப்பா, இந்த வெயில்ல எதுக்குக் கடைக்குப் போறீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, நான் இங்கேருந்தே ஆர்டர் போட்டுடறேன்."

நம் வில்லியனூர், பாகூர் பக்கத்தில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பெற்றோரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சென்னையிலிருந்து சொல்வார்கள், பெங்களூரிலிருந்து சொல்வார்கள், நம் ஊர் வழக்கப்படி பாரீஸிலிருந்தும் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்பாகச் சொல்வதெல்லாம் நமக்கு நல்லதாகிவிடாது. இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இன்றைய பதிவு.

பிள்ளைகள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் கடைக்குப் போவது சாமான் வாங்க மட்டும் இல்லை. பணி ஓய்வு பெற்றவனுக்குத் திங்கட்கிழமையும் ஒன்றுதான், வியாழக்கிழமையும் ஒன்றுதான். காலையில் குளித்து, சட்டை மாற்றி, பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "வர்றேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தின் பெயர்தான் அரைக்கிலோ கத்தரிக்காய். கத்தரிக்காய் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால் அவன் சட்டை மாற்ற வேண்டியதில்லை. நாலு நாள் சட்டை மாற்றாமல் இருந்து பாருங்கள், அப்புறம் உடம்பு தானாகவே நோயாளி உடம்பாகிவிடும்.

மார்க்கெட்டில் நான் மீன் வாங்கும் அம்மா, நான் ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் கேட்பார். "இன்னா சார், நேத்து ஆளையே காணோம்? அம்மாவுக்குக் கால் வலி தேவலையா?" என் மனைவிக்குக் கால் வலி என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தெரியும். செல்போனில் இருக்கும் எந்தக் கடை அதைக் கேட்கும்? "உங்கள் ஆர்டர் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்றுதான் கேட்கும்.

இதற்காக வெளிநாட்டுக்காரன் என்ன பாடுபடுகிறான் தெரியுமா? நெதர்லாந்து நாட்டில் ஜம்போ என்று ஒரு பெரிய கடைத்தொடர். 2019-ல் அவர்கள் ஒரு கடையில் தனியாக ஒரு கல்லா திறந்தார்கள். அதில் அவசரப்படுத்த மாட்டார்கள். வயதானவர்கள் பில் போடும் பெண்ணிடம் நின்று நிதானமாகப் பேசிவிட்டுப் போகலாம். அந்தக் கல்லாவுக்குப் பெயரே 'அரட்டைக் கல்லா'தான். தனிமையில் வாடும் முதியவர்களிடம் நல்ல வரவேற்பு கிடைத்ததால், 200 கடைகளுக்கு அதை விரிவாக்கப் போவதாக 2021-ல் அறிவித்தார்கள். இங்கிலாந்தில் 2018-ல் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்க என்றே ஒரு அமைச்சரை நியமித்தார்கள். அங்கே திட்டம் போட்டுச் செய்வதை இங்கே கீரைக்காரம்மா சாக்கு விரித்த இடத்தில் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார். நாம் அதை விட்டுவிட்டு வாசலில் அட்டைப்பெட்டி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்!

அடுத்து, இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வரும் உபதேசம் உங்களுக்கும் வந்திருக்கும். 'பெரிய கடையில் கேட்ட விலையைக் கொடுக்கிறீர்கள், ஏழை வியாபாரியிடம் மட்டும் பேரம் பேசுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?' கீழே கும்பிடும் இரண்டு கை படம்.

எனக்கு வெட்கமாக இல்லை. பேரம் என்றால் பிடுங்குவது என்று நினைப்பவர் சந்தையில் உட்கார்ந்து விற்றதும் இல்லை, ஒழுங்காக வாங்கியதும் இல்லை. வியாபாரி சொல்லும் முதல் விலை ஒரு அழைப்பு. நான் கேட்கும் விலை அதற்குப் பதில். அவருக்குத் தன் அசல் தெரியும், எனக்கு என் பை தெரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பை நிறைகிறது, மேலே ஒரு கை கறிவேப்பிலையும் விழுகிறது. சொன்ன விலைக்கு மறுபேச்சு இல்லாமல் காசை நீட்டி நகர்ந்தால், "இவருக்கு என்ன கோபமோ" என்றுதான் அந்த அம்மா நினைப்பார்.

நம்பாதவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு சந்தைக்கு வாருங்கள். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் பேருந்தில் ஏறினால் அரியூர் தாண்டி, கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, திருபுவனையில் மறுபடி புதுச்சேரிக்குள் வந்துவிடலாம். அந்தப் பயணமே ஒரு சுகம். சந்தையில் மாடு விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே விலை பேசுவது பழைய வழக்கம். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. படியாவிட்டால் கையை உருவிக்கொண்டு சிரித்தபடி போய்விடலாம். யாருக்கும் மானம் போகாது. பேரத்துக்கு இத்தனை நாகரிகம் வைத்திருந்த ஊரில் பேரத்தைப் பாவம் என்கிறார்கள்.

சரி, இந்த 'ஒரே விலை' எப்போது வந்தது? உலகம் தோன்றியபோதே வந்ததில்லை. நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் பாரீஸில் அரிஸ்டிட் பூசிகோ என்பவர் 1852-ல் ஒரு கடையில் பங்குதாரர் ஆனார். பொருளின் மேல் விலைச்சீட்டு ஒட்டி, பேரம் கிடையாது என்று நடத்திப் பெரும் பேர் வாங்கினார். கடையின் பெயர் 'போன் மார்ஷே'. பிரெஞ்சு படித்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. 'மலிவு' என்று அர்த்தம்! இன்று அது பாரீஸில் பணக்காரர்கள் போகும் கடை. பேரத்தை எடுத்த கடையிலிருந்து மலிவும் போய்விட்டது, பெயர்தான் மிச்சம்.

நம் நாட்டுச் சட்டமும் பேரத்தைத் தடுக்கவில்லை. சோப்பு, பிஸ்கட் உறையைத் திருப்பிப் பாருங்கள். 'அதிகபட்ச சில்லறை விலை' என்று இருக்கும். அதற்கு மேல் வாங்கினால் குற்றம், அதற்குக் கீழே எவ்வளவு குறைத்தும் விற்கலாம். 'அதிகபட்சம்' என்ற சொல்லே "கேட்டுப் பாருங்கள்" என்று சொல்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

செல்போன் கடையில் மட்டும் ஒரே விலையா? விமான டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, மனைவியிடம் கேட்டு வருவதற்குள் விலை ஏறியிருக்கும். அவன் நம்மிடம் பேரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். நமக்குத் திருப்பிப் பேச வாய் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

அதற்காகப் பேரத்துக்கு முறையே இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் மனைவி வைத்த சட்டம் உண்டு. அவள் பாகூர்க்காரி, ஏரித் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் பிறந்தவள், வியர்வையின் விலை தெரியும். முதல் போணியில் வாய் திறக்கக்கூடாது. உச்சி வெயிலில் தலைச்சுமையோடு தெருவில் வருபவரை இறக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் அனுப்பக்கூடாது. விலை படிந்தபின் பின்வாங்கக்கூடாது. கடைசிக் கூறு என்றால் கேட்ட காசைக் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் உபதேசிகள் இந்த நாலையும் எழுதி அனுப்பினால் நானும் பத்துப் பேருக்கு அனுப்புகிறேன்.

இனி எங்கள் வீட்டுப் பூனைக்கு வருவோம். கருப்பி என்று பெயர். இந்த வழக்கில் அவளும் ஒரு கட்சிக்காரி! மீன்கார அம்மா எனக்குச் சங்கராவை நறுக்கிக் கொடுக்கும்போது, தலையையும் செதிலோரத் துண்டுகளையும், கூடவே ஒரு கை காரப்பொடியையும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து, "இது நம்ம பொண்ணுக்கு" என்று தருவார். கருப்பியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் கருப்பி குட்டி போட்டதும் அவருக்குத் தெரியும், எத்தனை என்பதும் தெரியும்.

ஒருமுறை என் மகன் ஊரில் இருந்தபடியே மீன் ஆர்டர் போட்டான். சுத்தம் செய்து, தலை நீக்கி, பிளாஸ்டிக் டப்பாவில் ஐஸ்கட்டியோடு வந்தது. குறை சொல்ல முடியாது, நல்ல மீன்தான். கருப்பி டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து, என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள். அவள் பங்கு வரவில்லையே! பேத்தி வீடியோவில் பார்த்துவிட்டு, "தாத்தா, பூனைக்குத் தனியா பாக்கெட் சாப்பாடு விக்குது, அதையும் போட்டுடலாம்" என்றாள். பாருங்கள், காசில்லாமல் கிடைத்த கொசுறுக்கு இப்போது தனி பில். நம் வாழ்க்கையில் கொசுறாக வந்த எல்லாவற்றுக்கும் இதுதான் நடக்கிறது. நடை கொசுறாக இருந்தது, இப்போது அதற்கு ஓடாத ஊரில் ஓடும் மிஷின். பேச்சு கொசுறாக இருந்தது, இப்போது அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகர்.

"கீழே விழுந்துட்டா என்ன பண்றது? பஸ்ல எப்படி ஏறுவீங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான பயம். எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு மருந்து பேருந்துப் படியைத் தாழ்த்துவது, நிறுத்தத்தில் நிழலும் பெஞ்சும் போடுவது, மார்க்கெட்டில் சுத்தமான கழிப்பறை கட்டுவது. கிழவனை வீட்டில் பூட்டுவதில்லை. 2020 மார்ச்சில், தொற்றுக் காலத்தில் அவசியமில்லாத பயணத்தைக் குறைக்க என்று சொல்லி ரயிலில் முதியோர் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை. தொற்று அடங்கி ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகும் அது திரும்பவில்லை. அரசாங்கத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே எண்ணம்தான் என்று தோன்றுகிறது. வயதானவன் வெளியே போவது அவசியமில்லாத பயணம்! எது அவசியம் என்று போகிறவன் அல்லவா சொல்ல வேண்டும்?

"டெலிவரி செய்யும் பையன்களுக்கும் பிழைப்பு வேண்டாமா?" என்றும் கேட்கலாம். வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் அவன் தெய்வம். ஆனால் பெரிய நகரங்களில் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்று அவனைத் துரத்துகிறார்கள். "தண்ணி குடிச்சிட்டுப் போப்பா" என்று நாம் சொல்லும்போதே வண்டியைத் திருப்பிவிடுகிறான். அவனும் நம்மிடம் பேச முடியாது, நாமும் அவனிடம் பேச முடியாது. இதில் யாருக்கு என்ன லாபம்?

கடைசியாக ஒரு சட்ட விஷயம். புதுவை மகாத்மா காந்தி வீதியில் நடக்கும் ஞாயிறு சந்தை, நேரு வீதிப் பெரிய மார்க்கெட், நம் கொம்யூன்களில் ரோட்டோரம் கூடை வைத்திருப்பவர்கள், இவர்களையெல்லாம் 'போக்குவரத்துக்கு இடைஞ்சல்' என்று யாராவது சொன்னால் நம் ஆட்களே தலையாட்டுகிறார்கள். தெருவோர வியாபாரிகளுக்காக 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் சந்தையை 'வியாபாரம் கூடாத இடம்' என்று அறிவிக்கக்கூடாது என்பது அதில் உள்ள விதி. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. சங்கத்தில் செயலாளர், பொருளாளர் என்று இருப்பது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள்தானே? அங்கே போய் "சந்தை எங்களுக்கும் வேண்டும்" என்று சொல்ல வேண்டியது நம் வேலை. விற்பவர் மட்டும் கத்தினால் பிழைப்புக்குக் கத்துகிறார் என்பார்கள். வாங்குகிறவனும் சேர்ந்து கேட்டால்தான் எடுபடும்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் ஆர்டர் போடாதீர்கள். லீவுக்கு வரும்போது எங்களைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். பையை நீங்கள் தூக்குங்கள், விலையை நாங்கள் பேசுகிறோம். பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். முற்றிய வெண்டையை நுனி ஒடித்துப் பார்ப்பதையும், மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பதையும் எந்தச் செல்போனும் அவர்களுக்குக் கற்றுத் தராது.

என் வயது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. முட்டி வலிக்கிறது என்றால் தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒருநாள் போங்கள். கால் கிலோ தக்காளிதான் வேண்டுமென்றாலும் நேரில் போய் வாங்குங்கள். வாங்கிய பிறகு, "கொஞ்சம் கொத்தமல்லி போடும்மா" என்று மறக்காமல் கேளுங்கள்.