பாதையோரத்துப் பூளை

போகிப் பண்டிகை நெருங்கிவிட்டால், மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர் சிலர், ஊரிலிருந்து வருவோரிடம் ஒரு கட்டுப் பூளைப்பூ கொண்டுவரும்படி சொல்லியனுப்புவது வழக்கம். வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றோடு சேர்த்து வாயிலிற் காப்புக் கட்டுதற்கு அது வேண்டும். அத்துணைத் தொல்லை வேண்டுவதில்லை, அன்பர்களே! கொச்சியின் பாதையோரங்களிலும் வெற்று மனைகளிலும் அச்செடி தானே முளைத்து வளர்கின்றது. நாம் மிதித்துச் செல்கின்றோம்.

மலையாளத்தில் அதனைச் ‘செறூள’ என்பர். வேற்றுப் பெயர்போல் ஒலிப்பினும் வேறன்று. ‘செறுபூள’ என்னும் சொல்லே நாவிற் சுருங்கி அவ்வாறாயிற்று. நம் சிறுபூளையும் அதுவும் ஒரே சொல். இதற்குக் கொச்சியிலேயே பழைய சான்றுண்டு. டச்சுக்காரர் காலத்தில் இங்கு ஆளுநராயிருந்த வான் ரீட், மலையாள நாட்டுச் செடிகளைப் படத்தோடு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் இலத்தீன் நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. செடிகளை அவருக்கு அறிவித்தவர்கள் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவருமாவர். அந்நூலின் 10ஆம் தொகுதியில் நம் பூளை ‘செருபால’ என்னும் பெயரோடு காணப்படுகின்றது. நாம் களையென்று கருதுவதற்கு ஐரோப்பாவில் செப்புத்தகட்டுப் படம்!

கேரள மக்கள் போற்றும் தசபுஷ்பம் பத்தினுள் செறூளயும் ஒன்று. விஷ்ணுகிராந்தி, முடக்கற்றான், கரிசலாங்கண்ணி, நிலப்பனை முதலிய நாமறிந்த செடிகளும் அவற்றுள் அடங்கும். கர்க்கடக மாதத்தில் மகளிர் அவற்றைக் கூந்தலிற் சூடுவர். பிதிர்க்கடனுக்கும் உரியதாதலின் பூளைக்குப் ‘பலிப்பூ’ என்றும் ஒரு பெயருண்டு. அதனை வாயிலிற் கண்டு அண்டை வீட்டு அம்மையார் திகைத்தால், நம் வழக்கத்தைப் பக்குவமாக எடுத்துரைத்தல் நன்று.

ஒரு வேடிக்கையும் கூறலாம். ஓணக் கோலத்திற்கென முன்னாளிற் பிள்ளைகள் தும்பையும் முக்குற்றியும் தேடிப் பறித்தனர். இந்நாளில் தமிழ்நாட்டுச் செண்டுமல்லி லாரி லாரியாய் இங்கு வந்திறங்குகின்றது. நாமோ பொங்கற் பூவை அங்கிருந்து வரவழைக்கின்றோம். இரு வீட்டுப் பிள்ளைகளும் பூவென்றால் விலைக்கு வாங்குவதே என்றெண்ணி வளர்கின்றனர்.

ஆதலின் இம்மார்கழியில் ஒரு காலைப்பொழுது பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இலைக் கணுதோறும் பஞ்சுத் துணுக்குப்போல் வெண்கதிர்கள் ஒட்டியிருக்கும், எளிதில் அறியலாம். முதலில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். சாக்கடை ஓரத்துச் செடியைத் தவிர்க்க. வேரோடு பறியாது, கிளைகளை மட்டும் கத்தரித்துக் கொள்க. ஆவாரை மட்டும் இங்குக் கிட்டுதல் அரிது. வறண்ட நிலத்துச் செடியாதலின் இம்மழை நாடு அதற்கு ஒவ்வாது. அதற்கு மட்டும் ஊருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான்.