விறகு வெட்டினவனுக்குக் கல்வெட்டு ஏது?

நம்ம கூட்டங்களில் யாத்திராகமப் பேச்சு வந்தால் உடனே இரண்டு பேர் எழுந்துவிடுகிறார்கள். ஒருவர் பகுத்தறிவுத் தோழர். "எகிப்தில் எந்தக் கல்வெட்டிலும் மோசே இல்லை. அடிமைகள் கூட்டமாய்த் தப்பினார்கள் என்று ஒரு வரி கிடையாது. கட்டுக்கதையைத் தூக்கிப் போடுங்கய்யா" என்பார். இன்னொருவர் சபைக்காரர். செங்கடலுக்கு அடியில் பார்வோனின் தேர்ச் சக்கரம் கிடைத்துவிட்டது, எரிகோ மதிலைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், வேதம் நிரூபணமாகிவிட்டது என்று படம் காட்டுவார். ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் ரெண்டு பேரும் கும்பிடுகிற சாமி ஒன்றுதான். ராஜா செதுக்கின கல். கல்லில் இருந்தால் நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை.

அந்தச் சாமியின் யோக்கியதையை முதலில் பார்த்துவிடுவோம்.

கி.மு. 1274 வாக்கில் இரண்டாம் ராம்சேஸ் காதேஷ் என்ற ஊருக்காக ஹிட்டைட்டுகளோடு மோதினான். அபு சிம்பல், லக்சர், கர்னாக் என்று கோயில் கோயிலாய்த் தான் தனியாளாக நின்று ஜெயித்ததாகச் செதுக்கி வைத்தான். ஹிட்டைட்டுகளின் தலைநகரைத் தோண்டியபோது கிடைத்த களிமண் ஏடுகள் வேறு கதை சொல்கின்றன. காதேஷ் அவர்கள் கையிலேயேதான் இருந்தது. ராம்சேஸின் மகன் மெர்நெப்தா கி.மு. 1208 வாக்கில் ஒரு கல் நட்டான். 1896ல் பெட்ரி அதைத் தீப்ஸில் கண்டெடுத்தார். பைபிளுக்கு வெளியே 'இஸ்ரவேல்' என்ற பேர் தெளிவாக வருகிற மிகப் பழைய சான்று அதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது? இஸ்ரவேல் அழிந்தது, அதற்கு வித்துகூட மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறது. ஒரு சனம் சரித்திரத்தில் ஏறுவதே செத்துப்போன சனம் என்ற பேரில்! அப்பன் தோற்காததாகப் புளுகினான், மகன் உயிரோடிருப்பவர்களைச் செத்ததாகப் புளுகினான். இவர்கள் வாயிலிருந்துதான் நம் தோழர் சாட்சி கேட்கிறார். தப்பி ஓடின அடிமையைப் பற்றி இவர்கள் செதுக்குவார்களா?

அப்படியானால் எகிப்தில் அடிமைகளே பதிவாகவில்லையா? பதிவாகியிருக்கிறார்கள். கல்லில் அல்ல, பாப்பிரஸ் தாளில். புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸின் ஒரு பக்கம், அரசாங்க வேலையிலிருந்து ஓடிப்போனவர்களின் பட்டியல். மறுபக்கம் ஒரு வீட்டின் வேலையாட்கள் சுமார் 95 பேர். அவர்களில் 40 பேருக்கு மேல் ஆசியப் பெயர் கொண்டவர்கள். கி.மு. 1200ஐ ஒட்டிய இன்னொரு கடிதத்தில், அரண்மனையிலிருந்து தப்பிய இரண்டு அடிமைகளைத் துரத்திப் போன அதிகாரி ஒருவன் எல்லைக்கோட்டைப் பக்கம் நின்று விசாரிக்கிறான். பிடித்தார்களா என்பது கடிதத்தில் இல்லை. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளிகள் மாசம் 18 நாளாகியும் தானியக்கூலி வரவில்லை, வயிறு காய்கிறது என்று வேலையை நிறுத்திக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் நமக்குக் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இது. அதே ராஜா மெதினெத் ஹாபு கோயில் சுவர் முழுக்கத் தன் யுத்த வெற்றிகளைச் செதுக்கினான். பசித்தவர்களுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. ஒரு கணக்கப்பிள்ளை எழுதிய தாள், பாலைவனத்து வறண்ட மண்ணில் கிடந்ததால் தப்பியது. எபிரெயர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் டெல்டாவின் ஈரமண்ணில் தாள் தங்காது.

உழைக்கிறவன் பதிவாவது ரெண்டே இடத்தில். ஒன்று படி அளக்கிற கணக்கு, இன்னொன்று பிடிக்கவேண்டியவர் பட்டியல். ஊமையாக இருப்பது சரித்திரமல்ல, உளி பிடித்தவன்.

சபைக்காரரே, சந்தோஷப்படாதீர்கள். உங்களுக்கும் இருக்கிறது. ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் புறப்பட்டார்கள் என்கிறது யாத்திராகமம். பெண்டு பிள்ளைகளோடு இருபது லட்சம் ஆகும். மொத்த எகிப்தின் ஜனத்தொகையே அன்று சில பத்து லட்சம்தான். அத்தனை பேர் நாற்பது வருஷம் நடந்த தடம் சீனாயில் கிடைக்கவில்லை. எரிகோவை 1952 முதல் 1958 வரை தோண்டிய காத்லீன் கென்யன் கண்ட இடிந்த மதில், யோசுவா காலமென்று சொல்லப்படுவதற்குச் சுமார் 300 வருஷம் மூத்தது. ஆயி பட்டணம் என்று அடையாளம் காணப்பட்ட மேடு அதற்கு ஆயிரம் வருஷம் முன்பே பாழாய்ப் போனது. தேர்ச் சக்கரம் வெறும் வாய்ப்பேச்சு. கல் பேசாத இடத்தில் நீங்களாகச் செதுக்கினால் உங்களுக்கும் பார்வோனுக்கும் என்ன வித்தியாசம்?

தொல்லியல் காட்டுவது இதுதான். கி.மு. 1200ஐ ஒட்டிக் கானான் மலைநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட புதுச் சிற்றூர்கள் முளைக்கின்றன. அரண்மனை இல்லை, கோட்டை இல்லை. பானைகள் கானானியப் பானைகளைப் போலவே இருக்கின்றன. இஸ்ரவேலில் பெரும்பாலோர் கானானிலேயே பிறந்தவர்கள் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். எகிப்திலிருந்து தப்பிய சிறு கூட்டமொன்றின் நினைவு எல்லோர் நினைவாகவும் ஆகியிருக்கலாம். 1962ல் மெண்டன்ஹாலும் 1979ல் காட்வால்டும் இதைப் பட்டணத்துப் பிரபுக்களுக்கு எதிரான குடியானவர் கலகம் என்றார்கள். நமக்கு இனிக்கிற கருத்து. இனிப்பதாலேயே இரண்டு தடவை யோசிக்க வேண்டும். பானை ஓட்டில் கலகம் தெரிவதில்லை.

பிறகு இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது? யாத்திராகமத்தில் பார்வோனுக்குப் பேர் கிடையாது. பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன அவன் உத்தரவை மீறிய இரண்டு மருத்துவச்சிகளுக்குப் பேர் இருக்கிறது. சிப்பிராள், பூவாள். கி.மு. 853ல் நடந்த யுத்தத்தைச் சொல்லும் அசீரியக் கல்லில் ஆகாப் ராஜா 2,000 ரதங்களோடு நிற்கிறான். அவன் பிடுங்கிய திராட்சைத் தோட்டத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட நாபோத்தை எந்தக் கல்லும் சொல்லவில்லை. பைபிள் மட்டும் சொல்கிறது. கல் மறந்த இடத்தில் வாய் நினைவு வைத்திருக்கிறது. ஏ.பி. நிர்மல் போன்றோர் 1980களில் தலித் இறையியலை இந்த விடுதலைக் கதையிலிருந்து தொடங்கியது இதனால்தான்.

ஆனால் அந்த வாய்க்கும் ஒரு மறதி உண்டு. யோசுவாவின் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தைப் படியுங்கள். கிபியோன் ஊர்க்காரர்கள் தந்திரம் செய்து உயிர் தப்புகிறார்கள். தண்டனையாகத் தலைமுறை தலைமுறைக்கும் விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் சபிக்கப்படுகிறார்கள். எங்கோ கேட்ட கதை மாதிரி இல்லை? 'அவன் முன்னோர் தப்புப் பண்ணினான், அதனால் இந்தத் தொழில்' என்கிற கதையை எப்போதும் தாழ்த்தினவன்தான் சொல்கிறான். கிபியோன் இருந்ததாகக் கருதப்படும் எல்-ஜீப்பில் 1956 முதல் தோண்டினார்கள். ஊர்ப்பேர் பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. அந்த ஒப்பந்தம் பற்றி அவர்கள் சொன்ன சொல் ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிச் சிந்தனையாளர் ராபர்ட் வாரியர் 1989லேயே கேட்டார்: எங்களை இஸ்ரவேலாக நினைத்துப் படிக்கச் சொல்கிறீர்களே, நாங்கள் கானானியர் அல்லவா?

நம்மைப் பார்த்தும் அந்தக் கேள்வி வருகிறது. நேற்று செங்கல் அறுத்தவன் இன்று இன்னொருவனைத் தண்ணீர் சுமக்க வைக்கிறான். நம் சேரிகளில் நம் துணி வெளுத்து, நம் பிணத்துக்குச் சடங்கு செய்து, நம்மிடமே கைநீட்டிச் சோறு வாங்கிய புதிரை வண்ணார் எந்தப் பதிவில் இருக்கிறார்? ஊர்க்காரன் நம்மை எழுதவில்லை என்று கத்துகிறோம். நாம் அவரை எழுதினோமா?

தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க ஊர்க் கிழவி சொன்ன கதை ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள். அவர் பேர், ஊர்ப்பேர், சொன்ன தேதி போடுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். எழுதி முடித்ததும், அந்தக் கதையில் யார் வாய் திறக்கவில்லை என்று பார்த்து, அவர் வீட்டுக்கும் போங்கள்.