நம்மைப் பற்றிய ஏடுகள்: யார் எழுதுகிறார்கள்? யார் படிக்கிறார்கள்?



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதா? நோன்பைப் பற்றியதா? ஹஜ்ஜைப் பற்றியதா? இல்லை! அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. கடனை எழுதி வையுங்கள், நீதி தவறாத எழுத்தரை வைத்து எழுதுங்கள், சாட்சி வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதுவதில் சலிப்படையாதீர்கள் என்பது அதன் சாரம். எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த ஒரு சமூகத்திற்கு வல்ல அல்லாஹ் இட்ட கட்டளை இது.

இந்தக் கட்டளையை நம் வியாபாரிகள் கடையில் பேணுகிறார்கள். குறிஞ்சிப்பாடித் தறிகளில் நெய்த கைலியைக் கட்டுக் கட்டாக வெளியூருக்கு அனுப்புகிறவர், ஒரு கட்டு குறைந்தாலும் அன்று இரவே பேரேட்டில் கண்டுபிடித்து விடுவார். ஆனால் சமுதாயத்தின் கணக்கை எழுதுவது யார்? எத்தனை பேர் படித்தோம், எத்தனை பேர் படிப்பை விட்டோம், எந்தத் தொழிலில் இருந்தோம், எந்த நிலத்தை இழந்தோம் என்ற பேரேடு எந்தக் கடையில் இருக்கிறது?

இருக்கிறது சகோதரர்களே! அது பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியது.

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1960-களின் பிற்பகுதியில் மேட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தங்கி, நம் வியாபாரிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தார். முஸ்லிம் வணிகர்களைப் பற்றிய அவருடைய நூல் 1972-ல் வெளிவந்தது. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, காயலர் என்ற பிரிவுகளை இந்துச் சாதிப் படிநிலையைப் போல் கருத முடியாது என்றும், நகரத்திற்கு வந்தவர்கள் முஸ்லிம் என்ற பொது அடையாளத்தையே முன்னிறுத்துகிறார்கள் என்றும் அவர் எழுதினார். 1989-ல் சூசன் பெய்லி எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1700 முதல் 1900 வரை தென்னிந்திய முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழ்ந்த வாழ்வைச் சொல்லும் நூல் அது. நாகூரும் திருச்சி நத்ஹர் வலி தர்காவும் கடற்கரை மரைக்காயர் ஊர்களும் அதில் வருகின்றன. 1930 முதல் 1947 வரையிலான தமிழக முஸ்லிம் அரசியலை ஜே.பி.பி. மோரே 1997-ல் நூலாக்கினார். நம் அச்சு இதழ்களையும் திராவிட இயக்கத் தொடர்பையும் பற்றி 2004-ல் இன்னொரு நூல் தந்தார். கென்னத் மெக்ஃபர்சன் தமிழ் முஸ்லிம்களின் அரசியல் வரலாற்றை 2010-ல் வெளியிட்டார். சிங்கப்பூரில் வாழும் இந்திய முஸ்லிம்களின் நிலையைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் டார்ஸ்டன் சாக்கர் 2017-ல் எழுதினார்.

நம்மவர்கள் எழுதவே இல்லையா? எழுதினார்கள், அல்ஹம்துலில்லாஹ்! சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல் வணிக வரலாற்றை ஜெ. ராஜா முகமது எழுத, சென்னை அரசு அருங்காட்சியகம் 2004-ல் வெளியிட்டது. 1930 முதல் 1967 வரையிலான நம் அரசியலை அப்துல் காதர் ஃபக்ரி 2008-ல் ஆங்கிலத்தில் நூலாகத் தந்தார். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதிய இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் ஆகியோரின் உழைப்பைச் சமுதாயம் மறக்கலாகாது. ஆனாலும் நம் மஹல்லாக்களில் இந்த நூல்களின் பெயரைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

'காஃபிர்கள் எழுதிய புத்தகம் நமக்கெதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். பத்ருப் போரில் சிறைப்பட்ட எழுத்தறிந்த குறைஷிகள், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் அதுவே விடுதலைக்கு ஈடு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்றில் படிக்கிறோமே! நம்மோடு வாளேந்திப் போரிட்டவரிடமே எழுத்தைக் கற்கலாம் என்றால், பேனாவோடு நம் தெருவுக்கு வந்தவரின் எழுத்தைப் படிப்பதில் என்ன தடை?

படிக்கச் சொல்கிறோம், அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுங்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுங்கு. இந்நூல்களில் குறைகளும் உண்டு. தர்காவையும் கந்தூரியையும் விரிவாகப் பார்க்கிற ஆய்வாளர், வக்து தவறாமல் பள்ளிக்குப் போய்வரும் சாதாரண முஸ்லிமைப் போதிய அளவு பார்ப்பதில்லை. அரசியலை எழுதுகிறவர் தலைவர்களையும் தேர்தலையும் எழுதுகிறார். பீடி சுற்றும் தாயும் தள்ளுவண்டிக்காரரும் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டும் தகுதி யாருக்கு? படித்தவனுக்கு மட்டும்தானே!

இன்னொரு வகை ஏடுகளும் உண்டு. 1993-ல் கட்டுரையாகவும் 1996-ல் நூலாகவும் அமெரிக்கப் பேராசிரியர் ஹண்டிங்டன் நாகரிகங்களின் மோதல் என்ற கருத்தை வெளியிட்டார். ஒரு பேராசிரியரின் மேசையில் பிறந்த அந்தக் கருத்து 2001-க்குப் பிறகு உலகெங்கும் அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சாயிற்று. அதற்கு ஏட்டாலேயே பதில் சொன்னவர்களும் உண்டு. கீழை நாடுகளைப் பற்றி மேலை நாட்டார் எழுதியதன் உள்நோக்கத்தை 1978-லேயே தோலுரித்த எட்வர்ட் சயீத், பாலஸ்தீனத்துக் கிறிஸ்தவர். மனிதனை மத அடையாளம் ஒன்றுக்குள்ளேயே அடைக்காதீர்கள் என்று 2006-ல் நூலெழுதிய அமர்த்தியா சென், வங்காளத்துக்காரர். நமக்காக வாதாட அவர்கள் வந்தார்கள். நம் வழக்கை நாமே வாதாட எப்போது வரப்போகிறோம்?

ஏட்டினால் என்ன ஆகிவிடும் என்று எண்ணுவோர்க்கு ஓர் உதாரணம் போதும். முஸ்லிம்கள் சலுகைகளால் கொழுக்கிறார்கள் என்று நாட்டில் ஓயாத பிரச்சாரம் நடந்தது. அதை மறுத்து எத்தனையோ மாநாடுகள் போட்டோம்; தீர்மானங்கள் நிறைவேற்றினோம். நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006 நவம்பரில் தன் அறிக்கையைக் கொடுத்தது. நாட்டு மக்களில் 13.4 சதவீதமான முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம் என்று எண்ணிக் காட்டியது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவில்தான் இருக்கிறார்கள் என்ற கட்டுக்கதைக்கும் பதில் கிடைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவுக்குப் போவோர் சுமார் 3 சதவீதமே என்றது அறிக்கை. கோஷத்தால் அசையாத சபைகளில் கணக்குப் பேசியது. தமிழகத்தில் 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு வந்ததற்குப் பின்னால் சமுதாயத்தின் நெடிய போராட்டம் இருந்தது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையங்கள் திரட்டிய புள்ளிவிவரங்களும் இருந்தன. தெருவில் இறங்கும் கூட்டமும் வேண்டும். அந்தக் கூட்டத்தின் கையில் கணக்கும் வேண்டும்.

இன்றைய நெருக்கடிக்கு வருவோம். 2025-ல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தது. நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஒரு சொத்து வக்ஃபாகும் என்ற ஏற்பாட்டை இனி வரும் காலத்திற்கு இல்லையென்று ஆக்கியது. சொத்து விவரங்களை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றது. அச்சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்திற்குப் போனோம். 2025 செப்டம்பரில் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடையும் கிடைத்தது. அரசியல் போராட்டம் ஒரு புறம் நடக்கட்டும். மறுபுறம் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்: நம் கபரஸ்தானின் மூலப்பத்திரம் எங்கே? பாட்டனார் எழுதிய நிக்காஹ் தஃப்தர் எங்கே? கரையான் தின்றதா? வெள்ளையடித்த நாளில் குப்பைக்குப் போனதா? நிலக்கரிச் சுரங்கத்திற்கு நிலம் எடுக்கப்பட்ட கிராமங்களைச் சுற்றி வாழும் நமக்குப் பட்டாவின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதம் இல்லாதவன் கண்ணீரை எந்த அலுவலகமும் கோப்பில் சேர்க்காது!

ஆய்வு என்பது நமக்கு அந்நியமா? பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து, இந்துக்களின் மதத்தையும் கணிதத்தையும் வழக்கங்களையும் வசைபாடாமல் எழுதினார். 1377-ல் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், அரசுகள் எழுவதும் விழுவதும் எப்படி என்பதற்குச் சமூகத்திலேயே காரணம் தேடினார். ஒருவர் மற்றவர்களை நியாயமாக ஆராய்ந்தார். மற்றவர் தம் சமூகத்தையே தயவின்றி ஆராய்ந்தார். இந்த இரண்டையும் முன்னோர் செய்தார்கள். இன்று மதரஸாவில் ஓதியவருக்குப் பல்கலைக்கழகத்தின் மொழி தெரிவதில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவருக்குக் கிதாபின் மொழி தெரிவதில்லை. இருவருக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் சமுதாயத்தின் வரலாறு விழுந்து கிடக்கிறது.

ஆகவே சில வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஓர் அலமாரி. மேற்சொன்ன நூல்கள் விலை கூடியவை. தனி ஒருவர் வாங்குவது கடினம். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி ஜமாஅத்துகள் பகிர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடலாம். 1998 முதல் புத்தகக் கண்காட்சி கண்ட நெய்வேலியின் பிள்ளைகளுக்குப் புத்தகம் புதிதல்லவே!

இரண்டாவது, உரிமையைக் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். கடைக்கு வரி கட்டும் ஒவ்வொரு வியாபாரியும் நூலகத்தின் பங்காளி. கிளை நூலகத்தில் இன்ன நூல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளின் படிப்பு. இன்ஜினியரிங்கும் கம்ப்யூட்டரும் மட்டுமே படிப்பல்ல. வரலாறு, சமூகவியல், பொருளாதாரம், சட்டம் படிக்கவும் ஆள் வேண்டும். பக்கத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951-ல் எழுந்தது வணிகர்களின் கொடையால்தானே! இன்று ஒரு பெரிய கடைக்காரர், ஓர் ஆய்வு மாணவருக்கோ மாணவிக்கோ மூன்றாண்டுச் செலவை ஏற்கக் கூடாதா? பயன் தரும் கல்வி, கொடுத்தவர் கபருக்குள் போன பின்னும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா அல்லவா?

நான்காவது, எழுதி வையுங்கள். பழைய தஃப்தர்களையும் பத்திரங்களையும் படமெடுத்துப் பாதுகாப்பதை இளைஞர்கள் பொறுப்பேற்கட்டும். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே ஊர் வரலாற்றைக் கேட்டு எழுதட்டும். எந்தக் கடை எந்த ஆண்டில் தொடங்கியது, யார் பர்மாவிலிருந்து வந்தார், யார் முதலில் வளைகுடாவுக்குப் போனார் என்பதெல்லாம் நாளைய ஆய்வாளருக்குத் தங்கம். பெண்களிடமும் கேளுங்கள், குடும்பக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும்.

இவற்றுள் எதற்கும் மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், அனுமதி வேண்டாம். ஓர் அலமாரியும் ஒரு நோட்டும் சலிக்காத சில கைகளும் போதும். தன் கடன் கணக்கை எழுதாதவன் சந்தையில் நஷ்டப்படுவான். தன் வரலாற்றை எழுதாத சமுதாயம், பிறர் எழுதிய கணக்குக்கே கையெழுத்துப் போட நேரிடும்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, கற்றதை நீதியோடு எழுதும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.