ஆடிக் காற்று பங்குனி வெயிலுக்கு உதவுமா?

பெங்களூர் காக்ஸ் டவுன் வீடுகளில் மின்விசிறி ஓயாமல் சுற்றுவது பங்குனி, சித்திரையில். மின்சாரம் தரும் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவதோ, அம்மியும் பறக்கும் ஆடியில். காற்றாலை மின்சாரத்தின் முக்கியச் சிக்கல் இதுதான்.

எட்டு மடங்கு சக்தி

காற்று பட்டு இறக்கைகள் சுழல்கின்றன. அந்த மெதுவான சுழற்சியைப் பல காற்றாலைகளில் பற்சக்கரங்கள் வேகப்படுத்தி, ஜெனரேட்டரைச் சுழற்றுகின்றன. மின்சாரம் பிறக்கிறது.

காற்றின் வேகம் இரு மடங்கானால், அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான். எனவே, காற்று சற்றுத் தளர்ந்தாலும் உற்பத்தி சரிந்துவிடும். புயல்போல வீசினாலோ, இயந்திரத்தைக் காப்பாற்ற அதை நிறுத்தியாக வேண்டும்.

வேகன் வேண்டாம்

1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய அளவில் காற்றாலைகளை நிறுவியது தமிழ்நாடு. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, முப்பந்தலை நாடறியச் செய்தது. இன்று தமிழகக் காற்றாலைகளின் திறன் 10 ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேல். சித்ரதுர்கா, கதக் போன்ற மாவட்டங்களில் காற்றாலைகள் நிற்கும் கர்நாடகத்திலோ 5 ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேல்.

ராய்ச்சூர் அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரி ரெயிலில் வரவேண்டும். காற்றுக்கு வேகனும் வேண்டாம், விலையும் இல்லை. புகையில்லை, சாம்பலில்லை. கோபுரங்களுக்கு இடையே பயிரும் செய்யலாம்.

குறைகள் என்ன?

இறக்கைகளில் பறவைகள் அடிபடுகின்றன. அருகே குடியிருப்போருக்கு இரைச்சல் தொல்லை. ஆனால் பெரிய குறை, காற்று நாம் கேட்கும் நேரத்தில் வராது என்பதே.

காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. லிங்கனமக்கி அணையை நிரப்பும் பருவமழையும் அப்போதுதான். இரண்டும் ஒன்றாக வருவதால், சில நேரம் வாங்க ஆளின்றிக் காற்றாலைகளை நிறுத்தி வைக்க நேர்கிறது. மழை பொய்த்த 2023-ல் கர்நாடகம் மின்பற்றாக்குறையில் தவித்தது.

களஞ்சியம் தேவை

கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவையானபோது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு இது. பகலில் மிஞ்சுவதை மாலைக்குத் தர இதுவும் பெரிய பேட்டரிகளும் உதவும். ஆடியில் மிஞ்சுவதைப் பங்குனி வரை வைத்திருக்க இவை போதா. அதற்குக் காற்று வீசும் மாதங்களில் அணை நீரையும் நிலக்கரியையும் மிச்சப்படுத்த வேண்டும்.

விளைச்சலைப் பெருக்கினால் மட்டும் போதாது. களஞ்சியமும் கட்ட வேண்டும். புதிய காற்றாலைகளை எண்ணிக் காட்டும் அரசுகள், இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும். பங்குனியில் மின்வெட்டு வந்தால் வியர்வையில் நனைவது மக்கள்தானே!